ஓராள் குறைந்த சஹன்

சஹனைக் கழுவத் தூக்கியபோதுதான் சபூரா அதைக் கண்டாள். ஐந்து பேர் சுற்றியிருந்து சாப்பிட்ட சோற்றில் ஆறு குழிகள் இருந்தன.

சஹன் என்றால் ஆறு பேருக்கு ஒரு பெரிய தட்டு. நெய்ச்சோற்றைக் குவித்து, நடுவில் இறைச்சியை வைத்து, சுற்றிவர அமர்ந்து, அவரவர் தன் முன்னால் உள்ள பக்கத்திலிருந்து மட்டும் அள்ளிச் சாப்பிட வேண்டும். அடுத்தவர் பக்கத்தில் கை வைக்கக் கூடாது. எல்லோரும் முடிக்கும் வரைக்கும் யாரும் இடையில் எழும்பவும் கூடாது. முடிந்து எழும்பும்போது ஒவ்வொருவர் இருந்த இடத்திலும் சோற்றில் ஒரு குழி விழுந்திருக்கும்; யார் எவ்வளவு தின்றார் என்பதை அந்தத் தட்டில் மறைக்கவே முடியாது. மர்ழியா லாத்தாவின் குழி எப்போதும் தாராளமானது. மகள் அம்னாவின் குழி கோழி கொத்தியது மாதிரி இருக்கும். ஆறாவது பக்கத்தில் யாரும் இருக்கவில்லை. ஆனால் அந்தப் பக்கம்தான் எல்லாவற்றையும் விட ஆழமாகத் தோண்டப்பட்டு, தட்டின் அடி தெரியும்வரை வழித்தெடுக்கப்பட்டிருந்தது.

“லாத்தா, இஞ்ச வந்து பாருங்களே. இந்தப் பக்கத்தில ஆர் இருந்த?”

மர்ழியா, சபூராவின் கணவனுடைய அண்ணன் மனைவி, குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். “ஆரும் இருக்கல்ல. பிள்ளைகள் எட்டி அள்ளியிருப்பாள்கள். பெருநாள் சோத்துக்கும் கணக்குப் பாக்கிறியா நீ?”

சபூரா சிரித்து வைத்தாள். ஆனால் தட்டைக் கழுவும்போது அந்தப் பக்கத்தில் மட்டும் நெய்ப்பிசுக்கு இல்லாததையும், அதற்குப் பதிலாகக் குளத்தடிச் சேற்றின் வாடை விரலில் ஒட்டிக்கொண்டதையும் அவளால் சிரித்துத் தள்ள முடியவில்லை.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள் புத்தளத்திலிருந்து ஒரு வான் வண்டியில் வந்து இறங்கியிருந்தது அந்தக் குடும்பம். தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரோடும் உடுத்த துணியோடு வெளியேற்றப்பட்டு, இருபது வருஷம் முகாம் கொட்டில்களில் கிடந்து, சண்டை முடிந்து, போகலாம் என்ற சொல்லும் வந்து, கடைசியில் சொந்தக் காணியைப் பார்க்கப் புறப்பட்டவர்கள். காணியில் பற்றைக்காடு வீட்டுக் கூரை உயரத்துக்கு நின்றது. கால் வைக்க இடமில்லை. அதனால் சிலாவத்துறைப் பக்கமாக, குளக்கட்டுக்குக் கீழே இருந்த பழைய பங்களாவை லீவுக்கு வாடகைக்கு எடுத்தார்கள். யுத்த காலத்தில் யார் யாரோ இருந்துவிட்டுப் போன வீடு அது. கொழும்பு முதலாளி ஒருவர் புதுத் தகரம் போட்டு, வெள்ளையடித்து, கூட்டமாக வந்து தங்குகிறவர்களுக்கு விட்டிருந்தார். பிறந்த ஊரைப் பார்க்க வாடகை கொடுக்கிற முதல் ஆள் நான்தான் என்று அபூசாலி வானுக்குள்ளேயே சொல்லிச் சிரித்தார்.

அபூசாலி சபூராவின் கணவன் சாஹுல் ஹமீடுக்கு நானா, மூத்தவர். மனிதருக்குப் பெரிய குரல். முகாமில் எந்தக் கல்யாணச் சோறென்றாலும் ஆட்களை அழைத்துச் சஹனில் இருத்துவது அவர்தான். ஐந்து பேரோடு ஒரு சஹன் கிடந்தால் அவருக்குப் பொறுக்காது. வாசலுக்குப் போய் நின்று, “சஹனுக்கு ஒராள் குறையுது, வாங்க!” என்று ஒரு சத்தம் போட்டால், தெருவில் போகிறவன் கூட வந்து கை கழுவிவிட்டுக் குந்துவான்.

இங்கே ஆண்கள் சஹனுக்குச் சரியாக ஆறு பேர் இருந்தார்கள்: அண்ணன் தம்பி இருவரும், அபூசாலியின் மருமகனும், மூன்று பையன்களும். பெண்கள் சஹனில்தான் ஓராள் குறைவு. சபூரா, மகள் அம்னா, மர்ழியா, மர்ழியாவின் பெண்கள் ருஸ்னாவும் ஃபஸ்னாவும். முதல் நாள் அந்தி மஃரிப் தொழுகைக்குப் பிறகு உள்கூடத்தில் பாய் விரித்துச் சஹனை வைத்ததும் ஃபஸ்னா அதைச் சொல்லிவிட்டாள். அபூசாலிக்குக் கேட்க வேண்டுமா? முன்கூடத்திலிருந்து எழுந்து வந்து, குளத்தைப் பார்த்த பின்கதவை அகலத் திறந்து, இருட்டைப் பார்த்து இரண்டு கையையும் வாயில் குவித்தார்.

“சஹனுக்கு ஒராள் குறையுது! பசிச்ச ஆக்கள் இருந்தா வாங்க! இடமிருக்கு!”

குரல் தண்ணீருக்கு மேலே போய், அக்கரை மருத மரங்களில் பட்டு, கொஞ்சம் மெலிந்து திரும்பி வந்தது. கத்திக்கொண்டிருந்த தவளைகள் அத்தனையும் ஒரே நேரத்தில் வாயை மூடின. துருசு வழியாகத் தண்ணீர் வயலுக்கு இறங்கும் இரைச்சல் மட்டும் கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள். சபூராவும் சிரித்தாள். காற்று வரட்டும் என்று கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டுச் சாப்பிட இருந்தார்கள்.

அவ்வளவுதான் நடந்தது. பிறகு இந்த ஆறாவது குழி.

அன்றிரவு அம்னா அவளோடு ஒட்டிப் படுத்திருந்தாள். மூன்று பிள்ளைகளை வயிற்றிலேயே இழந்து, நேர்ச்சைக்கு மேல் நேர்ச்சை வைத்துப் பெற்ற பிள்ளை. ஏழு வயது. சபூராவுக்கு இவள் ஒருத்திதான் உலகம்; இவளுக்குத் தும்மல் வந்தால் அவளுக்குக் காய்ச்சல் வரும். பெருநாளுக்குப் போட்ட மருதோன்றி பிள்ளையின் உள்ளங்கையில் கறுஞ்சிவப்பாகப் பிடித்திருந்தது. அதைத் தாயின் கன்னத்தில் வைத்துக்கொண்டு பிள்ளை அரைத்தூக்கத்தில் பேசியது.

“உம்மா, அந்த மாமிட கையில மருதோண்டி இல்ல.”

“எந்த மாமி?”

“எனக்குப் பக்கத்தில இருந்து சாப்பிட்டவ. அவட மகளுக்கும் இல்லையாம். பாவம்.”

சபூரா மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம். தெரிந்த ஓதல்களையெல்லாம் ஓதிப் பிள்ளையின் நெஞ்சில் ஊதினாள். தூக்கம் வரவில்லை. குளத்தின் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்துகொண்டேயிருந்தது. யாரோ தண்ணீரைக் கையால் அள்ளுகிறார்கள், விடுகிறார்கள், அள்ளுகிறார்கள். மீன் புரளுகிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். மீன் அப்படிப் பொறுமையாகப் புரளாது என்பதும் அவளுக்குத் தெரிந்தேயிருந்தது.

விடிந்ததும் உள்கூடத்துப் பாயைச் சுருட்டப் போனாள். ஆறாவது இடத்தில் பாய் ஈரமாக இருந்தது. கூரையை அண்ணாந்து பார்த்தாள். புதுத் தகரம், ஓர் ஓட்டை இல்லை. பாயைத் தூக்கிக்கொண்டு போய் வெயிலில் போட்டாள். பிறகு நெடுநேரம் கையைக் கழுவினாள்.

பங்களாவைப் பார்த்துக்கொள்ளும் இரத்தினம் பக்கத்து வயற்கிராமத்து ஆள். காலையில் குளத்து விரால் கொஞ்சம் கொண்டு வந்து கொடுத்தார். குளக்கட்டிலிருந்து படியிறங்கி வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தார்.

“தங்கச்சி, பிள்ளையள அலைகரைப் பக்கம் தனிய விடாதேங்கோ. குளத்தில முதலை கிடக்கு. உங்கட பெரியவவுக்கும் சொல்லுங்கோ. விடியக் காத்தால தண்ணிக்குள்ள குந்திக்கொண்டிருந்தவ, நான் கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் பாக்கேல்ல.”

“எந்தப் பெரியவ?”

“முக்காடு போட்டவ. கையைக் கழுவிக் கழுவி, கழுவிக் கழுவிக் கொண்டிருந்தவ. உங்கட ஆள் எண்டுதான் நினைச்சன்.”

விடியற்காலையில் ஐந்து பெண்களும் ஒரே அறையில் படுத்திருந்தார்கள். சபூரா இரவு முழுதும் விழித்திருந்தவள். யார் எழுந்து போனாலும் அவளுக்குத் தெரிந்திருக்கும். மீனை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். கணவனிடம் சொன்னாள். அவர் வழக்கம்போல, இடம் மாறிப் படுத்தால் அப்படித்தான் இருக்கும் என்றார். பெண்ணுக்கு வருகிற எல்லாப் பயத்துக்கும் அவரிடம் அந்த ஒரு மருந்துதான் இருந்தது.

பகல் சாப்பாட்டுக்கு வானம் இருட்டிக்கொண்டு வந்தது. அவள் வேண்டுமென்றே ஆறாவது பக்கத்துக்கு நேரெதிரே இருந்தாள். அம்னா வந்ததும் வராததுமாக நகர்ந்து, தனக்குப் பக்கத்தில் ஒருவர் உட்காரும் அளவுக்கு இடம் விட்டாள். விட்டது பெருநாள் வீடுகளில் பெரிய மனிதருக்கு இடம் விடும் ஒழுங்கோடு இருந்தது.

எல்லோரும் பிஸ்மி சொல்லிக் கை வைத்தார்கள். மர்ழியாவின் மோதிரக் கை, ருஸ்னாவின் மெல்லிய கை, ஃபஸ்னாவின் வளையல் கை, அம்னாவின் சிவந்த சின்னக் கை, தன் கை. சபூரா வழக்கம்போல நடுவிலிருந்து நல்ல ஈரல் துண்டாக எடுத்து அம்னாவின் பக்கத்துக்குத் தள்ளிவிட்டாள். வழக்கம்போல அம்னா அதை முகம் சுளித்து ஒதுக்கினாள்.

ஆறாவது பக்கத்தில் முதலில் ஒரு சோறு உருண்டது. பிறகு நாலைந்து. காற்றில்லை. குவியலின் அந்தப் பக்கம், கீழேயிருந்து யாரோ மெதுவாகப் பறிப்பது போல, சரிந்து சரிந்து உள்வாங்கியது. ஒரு குழி விழுந்தது. குழி ஆழமானது. சேற்று வாடை வந்தது, அழுகிய தாமரைத் தண்டின் வாடை. அவசரமில்லாமல் ஆரம்பித்த அது போகப் போக அவசரப்பட்டது. சோறு இறைந்தது. பசியைச் சபூரா முகாமில் பார்த்திருக்கிறாள். நாட்கணக்கில் காய்ந்த வயிறு சோற்றைக் கண்டால் கை இப்படித்தான் போகும்.

அவள் எழும்பப் போனாள்.

“உம்மா, இடையில எழும்பக் கூடாது,” என்று அம்னா கண்டித்தாள். தாய் சொல்லிக் கொடுத்த பாடம்.

மர்ழியாவின் கை சோற்றுக்குள் அப்படியே நின்றிருந்தது. அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள். சபூராவின் கண்ணைச் சந்தித்ததும் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தத் திருப்பல்தான் சபூராவைக் குலுக்கிப் போட்டது. தெரியாதவள் ஆச்சரியப்படுவாள், மர்ழியா ஆச்சரியப்படவில்லை.

குசினிக்குள் வைத்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள் சபூரா. “லாத்தா, உங்களுக்குத் தெரியும். சொல்லுங்க.”

மர்ழியா அடுப்பு விறகைத் தள்ளிவிட்டாள். பிறகு, ஏதோ மீன் விலை சொல்வது போலச் சொன்னாள்.

“தொண்ணூறில நாங்க கடலடிக்கு நடந்து வரக்குள்ள இந்தக் குளக்கட்டிலதான் ஒரு இரவு கிடந்த. ருஸ்னா கைக்குழந்தை. ஒரு பானை கஞ்சி, எங்கட ஆக்களுக்கே காணாது. ஒரு பொம்புள வந்தா. எந்த ஊரோ தெரியா. இடுப்பில ஒரு பொம்புளப் பிள்ளை. கஞ்சிக்கு இருக்கலாமா எண்டு கேட்டா. உன்ட மச்சான், என்ட மனுசன்தான் சொன்னாரு, ஆள் நிறைஞ்சிட்டு, இஞ்ச இடமில்லை எண்டு.”

“பிறகு?”

“விடியக்குள்ள அலைகரையில குந்தியிருந்து கை கழுவிக்கொண்டிருந்தா. இடுப்பில பிள்ளை இல்ல.”

“பிள்ளை எங்க எண்டு கேக்கல்லையா?”

“ஒருத்தரும் கேக்கல்ல. எங்களுக்கு வள்ளத்தைப் பிடிக்க வேணும்.”

சபூராவுக்குப் பயத்தை முந்திக்கொண்டு கோபம் வந்தது. அவள் அந்தக் குளக்கட்டில் இருந்தவளே இல்லை. அவளுடைய ஆட்கள் மன்னார்த் தீவில் எருக்கலம்பிட்டியிலிருந்து வேறு வள்ளத்தில் போனவர்கள். அவள் யாருக்கும் கஞ்சி மறுக்கவில்லை. மறுத்த மனிதர் முன்கூடத்தில் பல்லுக் குத்திக்கொண்டு பகிடி விட்டுக்கொண்டிருக்கிறார். அவருடைய மூன்று பையன்களும் இரண்டு பெண்களும் வயிறு நிறைந்து ஏப்பம் விடுகிறார்கள். வந்தது மட்டும், அத்தனை பேரையும் விட்டுவிட்டு, தன் பிள்ளைக்குப் பக்கத்தில் வந்து குந்தியிருக்கிறது. இது என்ன நியாயம் என்று அவள் மனதுக்குள் கத்தினாள். கேட்க அங்கே யாரும் இருக்கவில்லை.

“இண்டைக்கே போவம்,” என்றாள் கணவனிடம்.

“வான் நாளைக்குத்தான் வரும். இந்த மழைக்குள்ள பிள்ளையையும் தூக்கிக்கொண்டு எங்க நடக்கிற?”

“அப்ப இரவுக்குத் தனித்தனிப் பீங்கானில போடுவம்.”

இதற்கு அபூசாலியே முன்கூடத்திலிருந்து பதில் சொன்னார். “பெருநாள் சோத்தைப் பீங்கானில போட்டுத் தின்னவா இவ்வளவு தூரம் வந்த? உன்ட பெண்சாதிக்குக் குளத்துக் காத்து ஒத்துக்கொள்ளல்ல போல, ஹமீட்.” எல்லோரும் சிரித்தார்கள். சாஹுல் ஹமீடும் நானாவுக்காகச் சிரித்தார்.

அப்போதுதான் சபூராவுக்கு அந்த யோசனை வந்தது. வந்தபோது எவ்வளவு எளிதாகத் தெரிந்தது! சஹனில் குறை இருந்ததால்தான் அது வந்தது. குறையை நிரப்பிவிட்டால்? ஆறு பேர் உயிரோடு, சதையோடு நெருக்கியிருந்துவிட்டால் ஏழாவதுக்கு எங்கே இடம்? கல்யாண வீட்டிலும் நிறைந்த சஹனில் யாரும் வந்து குந்துவதில்லையே. அவள் முக்காட்டை இழுத்துக்கொண்டு, குடையைப் பிடித்தபடி இரத்தினத்தின் வீட்டுக்குப் போனாள். வயலோரம் கூப்பிடு தூரம்தான். அவருடைய மனைவி சிவலட்சுமி தாழ்வாரத்தில் நெல் புழுக்கிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, இண்டைக்கு இரவு எங்களோட சாப்பிட வாங்க. எங்கட சஹனுக்கு ஒராள் குறையுது. மறுக்காதேங்க.”

சிவலட்சுமி வெட்கப்பட்டாள். ஒரே தட்டில் எல்லோரும் கை வைத்துச் சாப்பிடுவதா என்று கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஆட்டிறைச்சிதானே?” என்றாள்.

“ஆடுதான். அல்லாஹ் மேல ஆணை, ஆடுதான்.”

“அப்ப வாறன். நீங்கள் இந்த மழையில வந்து கூப்பிட, நான் வராம இருக்கிறதே.”

திரும்பி வரும் வழியில் சபூராவுக்கு அழுகை வந்தது. யாரென்றே தெரியாத மனுஷி, கேட்ட உடனே வருகிறேன் என்கிறாள். இப்படி ஒரு சொல்லைத்தானே அன்றைக்கு அந்தக் குளக்கட்டில் ஒருத்தி கேட்டிருப்பாள்.

மஃரிபோடு மழை தூறலாகக் குறைந்தது. குளம் நிறைந்து அலைகரையின் புல்லெல்லாம் தண்ணீருக்குள் போயிருந்தது. தவளைகள் இல்லை. சிவலட்சுமி வெளுத்த நூல் சேலையோடு, தலைவாரிப் பூ வைத்து, கோயிலுக்குப் போகிறவள் மாதிரி வந்தாள். உள்கூடத்தில் சபூராவின் தலைக்குப் பின்னால் சார்ஜ் லைற்றைக் கொளுவினார்கள். சஹன் ஆவி பறக்க வந்து இறங்கியது.

கை கழுவுவது பின்கதவுப் படியில்தான். வாளியில் தண்ணீரும் ஒரு செம்பும் இருந்தன. ருஸ்னா கழுவினாள், ஃபஸ்னா கழுவினாள், மர்ழியா குளத்தைப் பாராமல் அவசரமாகக் கழுவினாள். விருந்தாளிக்கு வீட்டுக்காரி தண்ணீர் ஊற்றுவது மரியாதை. சபூரா சிவலட்சுமிக்கு ஊற்றினாள்.

“உம்மா, எனக்கு?” என்றாள் அம்னா.

“நீயே ஊத்திக் கழுவிட்டு ஓடி வா.”

சிவலட்சுமிக்கு எப்படிக் காலை மடித்துக் குந்துவது என்று தெரியவில்லை. எல்லோரும் சிரிக்க, சபூரா அவளைத் தோளைப் பிடித்து ஆறாவது இடத்தில் இருத்தினாள். இருத்தும்போது அந்த இடத்துப் பாயைத் தடவிப் பார்த்தாள். காய்ந்திருந்தது. சொல்ல முடியாத நிம்மதி. பிள்ளையும் உள்ளே வந்துவிட்டது. முக்காட்டை மூக்குவரை இழுத்துக்கொண்டு, கையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து, தாயின் இடத்துக்கு இடப்பக்கம் ஒட்டிக் குந்தியது. சபூரா ஓடிப் போய்ப் பின்கதவைச் சாத்தினாள். மேல் தாழ்ப்பாள். கீழ்த் தாழ்ப்பாள். இரண்டையும் இழுத்துப் பார்த்தாள்.

ஆறு பேர். நிறைந்த சஹன்.

“பிஸ்மி சொல்லித் தொடங்குங்க. அக்கா, நீங்கள் உங்கட சாமியக் கும்பிட்டிட்டுத் தொடங்குங்க.”

நல்ல சாப்பாடு. அப்படித்தான் சபூராவுக்குத் தோன்றியது. அவள் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தாள். எந்தப் பக்கமும் தானாகச் சரியவில்லை. சிவலட்சுமி முதலில் விரல் நுனியால் கொறித்தாள். பிறகு ருசி பிடிபட்டு, இந்த அச்சாறு எப்படிச் செய்வது என்று கேட்டாள். மர்ழியாவின் முகம்கூடத் தெளிந்திருந்தது. சபூரா ஈரலை எடுத்து அம்னாவின் பக்கம் தள்ளினாள். பிள்ளை ஒதுக்கவில்லை. தின்றது. இன்னொரு துண்டைத் தள்ளினாள். அதையும் தின்றது. கோழி கொத்துகிற பிள்ளை, இன்றைக்கு அள்ளி அள்ளித் தின்கிறதே என்று தாய்க்கு மனம் குளிர்ந்தது. நாளைக்குப் போனதும் பள்ளிவாசலுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த நேரம் கதவில் ஒரு சத்தம் கேட்டது.

தட்டும் சத்தம். கதவின் கீழ்ப்பாதியில். சின்ன உள்ளங்கையால் தட்டுகிற சத்தம்.

கைகள் நின்றன.

“உம்மா.”

தூறலுக்குள்ளிருந்து வந்தது குரல்.

“உம்மா, கதவத் திறங்க. நான் வெளியில.”

சிவலட்சுமிதான் முதலில் பேசினாள். “தங்கச்சி, வெளியில ஆரோ பிள்ளை நிக்குது.”

“என்ட பிள்ளை இஞ்ச...” என்று சபூரா தொடங்கினாள். முடிக்கவில்லை.

“உம்மா, இவ என்னைப் பிடிச்சிருக்கிறா. கை குளிருது. எனக்கும் இடம் வைங்க, உம்மா.”

முன்கூடத்தில் அபூசாலிக்கும் அது கேட்டது. கதவுக்கு வெளியே ஒரு பிள்ளை இடம் கேட்பது கேட்டது. வயிறு நிறைந்திருந்தது. பகிடியாகவே சொன்னார், கல்யாண வீட்டுக் குரலில், வீடு அதிரும்படி:

“ஆள் நிறைஞ்சிட்டு! இஞ்ச இடமில்லை!”

தட்டுவது நின்றது.

குரலும் ஒரே நேரத்தில் நின்றது. பிறகு புல்லுக்குள் இழுபடும் சத்தம். பிறகு தண்ணீர். முழங்கால் தண்ணீரில் நடக்கும் சத்தம். இடுப்புத் தண்ணீர். பிறகு துருசின் இரைச்சல் மட்டும்.

சபூரா திரும்பிப் பார்த்தாள். தன் நிழல் விழுந்த இடத்தில், முக்காட்டுக்குள் தலை குனிந்து, பிள்ளை தின்றுகொண்டிருந்தது. இந்தச் சத்தமெல்லாம் கேட்டும் அந்த ஒரு கை மட்டும் நிற்கவேயில்லை. கையைப் பார்த்தாள். ஊறி வெளுத்த கை. விரல் நுனிகள் சுருங்கியிருந்தன. நகக்கண்ணில் கறுப்புச் சேறு. ஒரு பிடி சோறு அள்ள உள்ளங்கை ஒருதரம் மேலே திரும்பியது. அதில் மருதோன்றி இல்லை.

கத்த வரவில்லை. அவள் எழும்பினாள். முழங்கால் பாயை விட்டுக் கிளம்பியது.

அந்தச் சின்னக் கை சோற்றைத் தாண்டி வந்து, அவளுடைய கைக்கு மேலே அமர்ந்து, அழுத்தியது. குளத்தின் அடியில் எவ்வளவு குளிரோ அவ்வளவு குளிர்.

“இடையில எழும்பக் கூடாது, உம்மா,” என்றது அம்னாவின் குரலில்.

பிறகு நடுவிலிருந்து நல்ல ஈரல் துண்டாகப் பார்த்து எடுத்து, மெல்ல அவளுடைய பக்கத்துக்குத் தள்ளிவிட்டது.